நரகத்தைத் தள்ளுபடி செய்த தீர்ப்பும் நெட்டால் பேராயரும்

1864 பிப்ரவரி 8ஆம் தேதி லண்டனில் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு ஒரு மேல்முறையீட்டில் தீர்ப்புச் சொன்னது. பிரிவி கவுன்சில் என்றால் நமக்கு ஜமீன் வாரிசு வழக்குகள்தான் நினைவுக்கு வரும். சிவகங்கை ஜமீன் வழக்கில் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக அதே குழு தீர்ப்பளித்தது முந்திய ஆண்டில்தான். இந்த வழக்கில் நிலமும் இல்லை, பாளையமும் இல்லை. கெட்டவர்களுக்கும் கடைசியில் மன்னிப்புக் கிடைக்கலாம் என்று தான் நம்புவதாக ஓர் ஆங்கிலிக்கன் குருவானவர் எழுதிவிட்டார். அப்படி எழுதியவர் சபையில் வேலை பார்க்கலாமா என்பதே வழக்கு.

எழுதியவர் ஹென்றி பிரிஸ்டோ வில்சன். ஏழு பேர் எழுதி 1860இல் வெளிவந்த 'கட்டுரைகளும் மதிப்புரைகளும்' தொகுப்பைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த ஏழு பேரில் இவரும் ஒருவர். கீழ் நீதிமன்றம் இவரைக் குற்றவாளி என்றது. லார்ட் சான்சலர் வெஸ்ட்பரி தலைமையிலான குழு அதை மாற்றியது. குழுவின் வாதம் முழுக்க வக்கீல் வாதம். ஆங்கிலிக்கன் சபைக்கு 39 விதிகள் உண்டு. 1553இல் அவை 42ஆக இருந்தபோது, கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்ற போதனையைக் கண்டிக்கும் விதி ஒன்று கூடவே இருந்தது. எலிசபெத் ராணி காலத்தில் விதிகளைத் திருத்தியவர்கள் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்ட விதியை மீறியதாக ஒருவரை எப்படித் தண்டிப்பது? வில்சன் தப்பினார். நரகம் இருக்கிறதா, அதன் வேதனைக்கு முடிவு உண்டா என்பதைப் பற்றி நீதிபதிகள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் லண்டன் வக்கீல்களின் குறும்புக்கு அதெல்லாம் பொருட்டா? வெஸ்ட்பரி நரகத்தையே செலவுத் தொகையுடன் தள்ளுபடி செய்துவிட்டார், பாவம் பக்திமான்களுக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் போயிற்று என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரிக்காதவர்களும் இருந்தார்கள். ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் எட்வர்ட் பூசி கொதித்தெழுந்தார். வேதாகமம் முழுவதும் தேவனுடைய வார்த்தை, நீதிமான்களின் ஜீவன் எப்படி நித்தியமோ சபிக்கப்பட்டவர்களின் ஆக்கினையும் அப்படியே நித்தியம் என்று ஓர் அறிக்கை தயாராகி நாடெங்கும் சுற்றுக்குப் போனது. ஏறத்தாழ 11,000 குருமார் கையெழுத்திட்டார்கள். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இருந்த ஆங்கிலிக்கன் குருமாரில் பாதிக்குச் சற்றுக் குறைவு. எதிர்காலத் தண்டனையின் கால அளவைப் பற்றி இத்தனை பேர் ஒரே தாளில் கையெழுத்திட்டது அதற்கு முன் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்த ஆரவாரத்தின் நடுவே, மனைவி மக்களோடு லண்டனில் தங்கியிருந்தார் ஒரு பேராயர். ஆறாயிரம் மைலுக்கு அப்பால் கேப் டவுனில் அவர்மேலும் ஒரு விசாரணை நடந்து, இரண்டு மாதத்துக்கு முன்புதான் பதவிநீக்கத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. ஜான் வில்லியம் கொலென்சோ. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள நெட்டாலின் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். இந்த இதழ் அவருக்குத்தான்.

கொலென்சோவை நான் முதலில் ஒரு கணக்கு வாத்தியாராகத்தான் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால்தான் பின்னால் அவர் செய்தது விளங்கும். 1814இல் கார்ன்வாலில் பிறந்தவர். தந்தை தகரச் சுரங்கத்தில் பணம் போட்டு நொடித்துப்போனார். மகன் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து 1836இல் இரண்டாம் இடத்தில் தேறினார். ஹாரோ பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அங்கே வீடு தீப்பிடித்துக் கடனில் மூழ்கினார். மீட்டது அவர் எழுதிய அல்ஜீப்ரா, எண்கணிதப் பாடநூல்கள். ஒரு தலைமுறை ஆங்கிலப் பிள்ளைகள் கொலென்சோ கணக்கைப் போட்டுத்தான் வளர்ந்தார்கள். 1846இல் நார்ஃபோக்கில் ஒரு கிராமத்துக் குருவானவரானார், சாரா ஃபிரான்சஸ் பன்யனை மணந்தார். சாராவின் வழியாக இறையியலாளர் ஃபிரெடரிக் டெனிசன் மாரிஸின் சிந்தனை வீட்டுக்குள் வந்தது. நித்திய ஆக்கினை பற்றி மாற்றுக் கருத்துச் சொன்னதற்காக 1853இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி வேலையிலிருந்து நீக்கிய அதே மாரிஸ்தான். அந்தச் சமயம் பார்த்துத் தன் பிரசங்கத் தொகுப்பை மாரிஸுக்குச் சமர்ப்பணம் செய்தார் கொலென்சோ. அதே ஆண்டு நவம்பரில் அவருக்குப் பேராயர் அபிஷேகம். அவரைத் தேடிப் பிடித்து நெட்டாலுக்கு அனுப்பியவர் கேப் டவுன் பேராயர் ராபர்ட் கிரே. பத்து ஆண்டு கழித்து அவரைத் துருபதேசக்காரர் என்று தீர்ப்பெழுதியவரும் அதே கிரேதான்.

நெட்டாலில் அப்போது வெள்ளையர் சில ஆயிரம் பேர். சூலு மொழி பேசுகிறவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க். பின்னாளில் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட அதே ஊர். ஊருக்கு வெளியே எகுகன்யேனி என்ற இடத்தில் கொலென்சோ வீடும் பள்ளியும் அச்சகமும் அமைத்தார். சூலு மொழியைக் கற்றதோடு நிற்காமல் இலக்கணமும் அகராதியும் எழுதினார். மக்கள் அவருக்கு 'சோபாண்டு' என்று பேர் வைத்தார்கள், மக்களின் தகப்பன் என்று. ஞானஸ்நானத்துக்கு வரும் ஆண், ஏற்கெனவே மணந்த மனைவிகளில் ஒருத்தியைத் தவிர மற்றவர்களைத் தள்ளிவிட வேண்டும் என்பது மிஷனரிகளின் சட்டம். தள்ளப்பட்டவளும் அவள் பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்று கேட்ட கொலென்சோ, தள்ள வேண்டியதில்லை என்றார். மிஷனரி வட்டாரத்தில் அதற்கே அவர் பெயர் கெட்டுவிட்டது.

அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் மகேமா ஃபூஸே. 1922இல் வெளிவந்த, சூலு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அம்மொழியில் எழுதிய முதல் நூல் இவருடையது. வேதாகம மொழிபெயர்ப்பில் கூட உட்கார்ந்தவர் வில்லியம் நிகிடி. மொழிபெயர்ப்பு என்பது வசனம் வசனமாக நின்று போகிற வேலை. பிரசங்கத்தில் தாவிவிடக்கூடிய இடங்களை அங்கே தாவ முடியாது. நோவாவின் பேழைக்கு வந்தபோது நிகிடி கேட்டார்: சூடான தேசம், குளிர்ந்த தேசம் எல்லாவற்றிலிருந்தும் மிருகங்களும் பறவைகளும் ஊர்வனவும் ஜோடி ஜோடியாக வந்து ஏறினது மெய்தானா? அத்தனைக்கும் நோவா தீனி சேர்த்தாரா, புலி சிங்கத்துக்கும் சேர்த்து?

பேராயர் நிலவியலில் ஓரளவு படித்தவர். அப்படி ஒரு பிரளயம் உலகம் முழுவதும் வந்திருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தேவனுடைய நாமத்தில் பொய் சொல்வதா என்ற கேள்வி தன்னை அறுத்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். மழுப்பலாக ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

பேழையைவிடக் கடினமான இடம் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் வந்தது. எஜமான் அடித்து அடிமை அங்கேயே செத்தால் தண்டனை உண்டு. ஓரிரு நாள் உயிரோடு கிடந்து செத்தால் தண்டனை இல்லை, ஏனென்றால் அடிமை அவனுடைய பணம். இதைச் சூலு மொழியில் எப்படிச் சொல்வது என்று கேட்டபோது உடனிருந்தவரின் முகம் மாறிய விதத்தைக் கொலென்சோ மறக்கவில்லை. பரலோகத்தில் இருக்கிற இரக்கமுள்ள தகப்பன் இப்படிச் சொல்லியிருப்பாரா என்று அந்த மனிதருடைய மனம் அதைத் தூக்கி எறிந்தது. தன் மனமும் அப்படியே செய்தது என்று பேராயர் ஒத்துக்கொண்டார்.

பெரிய கேள்வி வேறு. சூலு மக்களுக்கு மூதாதையர் செத்துப்போனவர்கள் அல்லர். வீட்டோடு இருப்பவர்கள். அவர்களிடம் போய், உங்கள் பாட்டனும் முப்பாட்டனும் சுவிசேஷம் கேளாமல் செத்ததால் முடிவில்லாத அக்கினியில் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். கொலென்சோவுக்கு முன்னூறு ஆண்டு முன்னால் இதே இடத்தில் தவித்தவர் ஒருவர் உண்டு. நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார்தான். பின்னர் அவர் ஜப்பானுக்குப் போனார். திரும்பி வந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், செத்துப்போன பெற்றோரை மீட்க வழியில்லை என்று கேட்டு ஜப்பானியர் அழுததைச் சொல்கிறார். பிரியமானவர்கள் பரிகாரமில்லாத ஒன்றுக்காக அழுவதைப் பார்க்கத் தனக்கும் துக்கமாக இருக்கிறது என்கிறார். ஆனால் போதனையை மாற்றவில்லை. சவேரியாருக்குத் துக்கம் இருந்தது, சந்தேகம் இல்லை. கொலென்சோவுக்கு இரண்டும் இருந்தன.

1861இல் எகுகன்யேனி அச்சகத்திலிருந்து ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய விளக்கவுரை வந்தது. கிறிஸ்துவின் மீட்பு மனுக்குலம் முழுவதற்கும் ஏற்கெனவே ஆகிவிட்டது, சுவிசேஷத்தைக் கேளாதவனுக்கும் தேவனுடைய வெளிச்சம் உண்டு, முடிவில்லாத ஆக்கினை என்ற போதனையை இனித் தன்னால் சொல்ல முடியாது என்று வெளிப்படையாக எழுதினார். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தண்டனையே இல்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நியாயத்தீர்ப்பு உண்டு, அது கிரியைகளுக்குத் தக்கதாக இருக்கும், தகப்பன் பிள்ளையைத் திருத்துவதற்காக அடிப்பதுபோல இருக்கும் என்றார். ஞானஸ்நானம் பெற்ற வெள்ளையனும் அந்தத் தீர்ப்புக்குத் தப்ப மாட்டான் என்பது இதன் மறுபக்கம். அந்த மறுபக்கத்தை அப்போது யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எல்லாரும் கவனித்தது அடுத்த புத்தகத்தைத்தான். 1862 அக்டோபரில் லண்டனில் ஐந்தாகமத்தையும் யோசுவாவின் புத்தகத்தையும் ஆராயும் நூலின் முதல் தொகுதி வெளிவந்தது. கணக்கு வாத்தியார் சிலேட்டோடு உட்கார்ந்துவிட்டார். எகிப்திலிருந்து புறப்பட்டவர்களில் போர் செய்யக்கூடிய ஆண்கள் 603,550 என்கிறது எண்ணாகமம். பெண்கள், பிள்ளைகள், முதியோர் சேர்த்தால் இருபது லட்சத்துக்கு மேல். சபையார் எல்லாரும் ஆசரிப்புக் கூடார வாசலுக்கு முன் கூடினார்கள் என்று லேவியராகமம் சொல்கிறது. கூடாரத்தின் அகலம் 18 அடி. வரிசைக்கு ஒன்பது பேராக ஆண்கள் மட்டும் நெருக்கியடித்து நின்றாலும் வரிசை ஏறத்தாழ 20 மைலுக்கு நீளும். முதற்பேறான ஆண்கள் 22,273 பேர் என்று இன்னோர் இடம் சொல்கிறது. மொத்த ஆண்களை இந்த எண்ணால் வகுத்தால் தாய் ஒருத்திக்குச் சராசரியாக 42 ஆண் பிள்ளைகள். பாளயத்துக்கு நாள்தோறும் எத்தனை பிள்ளை பிறக்கும், அதற்கு எத்தனை பலி, அத்தனை பலியையும் மூன்றே ஆசாரியர் எப்படிச் செலுத்தினார்கள்? பக்கம் பக்கமாக இப்படியே போகிறது.

உண்மையைச் சொன்னால் இந்தக் கணக்குகள் படிக்கச் சலிப்பானவை. பழைய காலத்து எண்களை நில அளவை நாடாவால் அளக்கும் அசட்டுப் பிடிவாதம் அதில் இருக்கிறது. கவிஞர் மாத்யூ அர்னால்டு இதைத்தான் குத்திக் காட்டினார். படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை, படிக்காதவர்களுக்குப் பயனும் இல்லை என்பது அவர் கட்சி. அதில் பாதி சரி. ஜெர்மன் அறிஞர்கள் இதைவிட ஆழமாகப் போய்விட்டிருந்தார்கள்.

ஆனால் எண்ணாகமம் 31ஆம் அதிகாரத்துக்கு வரும்போது சிலேட்டு வேறு வேலை செய்கிறது. மீதியானியரோடு நடந்த யுத்தம். இஸ்ரவேலர் 12,000 பேர் போனார்கள். ஆண்கள் அனைவரையும் கொன்றார்கள். பிறகு மோசேயின் கட்டளைப்படி ஆண் குழந்தைகளையும் புருஷனை அறிந்த பெண்களையும் கொன்றார்கள். மிஞ்சிய கன்னிப்பெண்கள் 32,000. இஸ்ரவேலர் தரப்பில் ஒருவர்கூடச் சாகவில்லை. இவ்வளவு பெண்கள் மிஞ்சினார்கள் என்றால் வெட்டப்பட்ட தாய்மார் எத்தனை, சிறுவர் எத்தனை என்று கணக்குப் போடுகிறார் கொலென்சோ. போட்டுவிட்டு, இதன் முன்னே கான்பூர் ஒன்றுமே இல்லை என்கிறார். 1857இல் கான்பூரில் ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டு அப்போது ஐந்து ஆண்டுதான். இங்கிலாந்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே ரத்தம் கொதிக்கும். இந்தியர் செய்தால் அரக்கத்தனம், மோசே சொல்லிச் செய்தால் தேவ நீதியா என்று அவர் நேராகக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. இவை நடந்த சரித்திரம் அல்ல, ஆகவே தேவன்மேல் இந்தப் பழியைப் போட வேண்டியதில்லை என்பதே அவருக்குக் கிடைத்த ஆறுதல். புத்தகத்தின் நோக்கமும் அதுதான். வேதத்தைக் கவிழ்க்க அவர் வரவில்லை. வேதத்தின் பேரில் தேவன்மேல் விழுந்த கறையைத் துடைக்கப் பார்த்தார்.

இங்கிலாந்தின் பேராயர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ராஜினாமா செய்யும்படி எழுதிக் கேட்டார்கள். கானப் தர்ல்வால் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. மாரிஸே உறவை முறித்துக்கொண்டார். சூலுவை மனந்திருப்பப் போன பேராயரைச் சூலு மனந்திருப்பிவிட்டான் என்று கேலிப் பாட்டுக் கட்டினார்கள். கேலி செய்தவர்களுக்குத் தாங்கள் எவ்வளவு சரியாகச் சொல்கிறோம் என்பது தெரியவில்லை.

1863 நவம்பரில் கேப் டவுன் புனித ஜார்ஜ் பேராலயத்தில் விசாரணை. ஒன்பது குற்றச்சாட்டுகள், அவற்றுள் நித்திய ஆக்கினையை மறுத்ததும் ஒன்று. கொலென்சோ போகவில்லை. அவருடைய நண்பரும் மொழியறிஞருமான வில்ஹெல்ம் ப்ளீக், இந்த மன்றத்துக்கு அதிகாரமில்லை என்ற அவருடைய ஆட்சேபத்தைக் கொடுத்தார். டிசம்பர் 16இல் கிரே தீர்ப்பு வாசித்தார். பதவிநீக்கம். கிரேயை வில்லனாக்கிப் பார்க்கும் பழக்கம் பிற்கால எழுத்தில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சபையின் போதனையைக் காப்பேன் என்று சத்தியம் செய்து சம்பளம் வாங்குகிறவர், அந்தப் போதனை தப்பு என்று அச்சடித்து விற்கலாமா என்ற அவருடைய கேள்வி நியாயமான கேள்வி. கொலென்சோ அதற்கு நேரான பதில் கடைசி வரை சொல்லவில்லை. சட்டத்தைத்தான் பதிலாகக் காட்டினார்.

சட்டம் அவர் பக்கம் இருந்தது. 1865 மார்ச் 20இல் அதே பிரிவி கவுன்சில், அதே வெஸ்ட்பரி. கேப் காலனிக்குத் தனிச் சட்டமன்றம் வந்த பிறகு கொடுக்கப்பட்ட அரச பத்திரத்தால் கிரேக்கு விசாரிக்கும் அதிகாரம் கிடைக்காது, ஆகவே தீர்ப்புச் செல்லாது என்றார்கள். நரகத்தைப் பற்றியும் நோவாவைப் பற்றியும் இந்த முறையும் ஒரு சொல் கிடையாது. பத்திரத்தின் தேதியில் வழக்கு முடிந்தது.

அந்த நவம்பரில் கொலென்சோ நெட்டாலுக்குத் திரும்பினார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பேராலயத்தின் டீன் ஜேம்ஸ் கிரீன் அவரை உள்ளே விட மறுத்தார். நீதிமன்ற ஆணையோடுதான் பிரசங்க பீடம் ஏற முடிந்தது. 1866 ஜனவரியில் அதே ஆலயத்தில் அவருக்குச் சபைநீக்கம் வாசிக்கப்பட்டது. சம்பளத்தை நிறுத்தினார்கள். அதற்கும் வழக்கு, அதிலும் ஜெயித்தார். 1869இல் கிரே, வில்லியம் மக்ரோரி என்பவரை மாரிட்ஸ்பர்க் பேராயர் என்று அபிஷேகம் செய்து அனுப்பினார். ஒரு சின்ன ஊரில் இரண்டு பேராயர், இரண்டு பேராலயம். நம் ஊர்ச் சபைகளில் ஒரே கோயிலுக்கு இரண்டு கமிட்டி நின்று கோர்ட்டுக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சண்டை உலகெங்கும் பரவியது. காலனிப் பேராயர்கள் ஒருவரையொருவர் கட்டுப்படுத்த வழியில்லையே என்ற கவலையில், கேன்டர்பரி தலைமைப் பேராயர் லாங்லி 1867 செப்டம்பரில் லாம்பெத் அரண்மனைக்கு எல்லாரையும் அழைத்தார். 76 பேர் வந்தார்கள். கொலென்சோவுக்கு அழைப்பில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை என்று பின்னர் வழக்கமாகிவிட்ட லாம்பெத் மாநாட்டின் முதல் கூட்டம் அதுதான். அதற்கு முந்திய ஆண்டில் வின்ட்சரில் உதவிக் குருவாக இருந்த சாமுவேல் ஜான் ஸ்டோன், கிரேயின் உறுதியைப் பார்த்து உருகி ஒரு பாமாலை எழுதினார். தமிழ்ச் சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் அசன நாளுக்கும் பாடுகிற 'சபையின் அஸ்திபாரம்' அதுதான். பிளவும் துருபதேசமும் சபையைக் கிழிப்பதாக மூலப் பாட்டில் வரும் புலம்பல் கொலென்சோவைக் குறித்தது. பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

இதுவரை சொன்னதோடு பெரும்பாலான சபை வரலாறுகள் கொலென்சோவை விட்டுவிடுகின்றன. எனக்கோ அவர் கதையில் முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

வழக்குக் காலம் முழுவதும் நெட்டால் வெள்ளையரில் பெரும்பகுதியினர் கொலென்சோ பக்கம் நின்றார்கள். கேப் டவுனிலிருந்து கிரே தங்களை ஆட்டிவைப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நோவாவின் பேழை போனால் போகட்டும் என்று விட்டார்கள். நரகம் அணைந்துபோனதிலும் அவர்களுக்கு வருத்தமில்லை. ஞாயிறுதோறும் அவருடைய ஆலயம் நிரம்பியது. அந்தக் காலனி எதில் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். சூலு மக்கள் கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு வர மறுத்ததால் 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. தமிழரும் தெலுங்கரும் அதில் இருந்தார்கள். நிலமும் உழைப்பும் யாருக்கு என்பதுதான் அங்கே உயிர்நாடியான கேள்வி, வேத விளக்கம் அல்ல.

1873இல் ஹ்லுபி இனத் தலைவர் லங்கலிபலேலே, தம் இளைஞர்கள் வைத்திருந்த துப்பாக்கிகளைப் பதிவு செய்யாததற்காக விசாரிக்க அழைக்கப்பட்டார். போக அஞ்சி மக்களோடு மலை தாண்டினார். துரத்திப் போன படையோடு கணவாயில் மோதல் நடந்து, அரசுத் தரப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். பதிலுக்கு அந்த இனத்தையே கலைத்தார்கள். நிலம் பறிக்கப்பட்டது. தலைவரை விசாரித்த மன்றத்தில் கவர்னரே நீதிபதி, குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் வைக்க முறையான அனுமதி இல்லை, தண்டனை ஆயுள் முழுவதும் நாடு கடத்தல். ராபன் தீவுக்கு அனுப்பினார்கள். சூலு விவகாரங்களுக்குப் பொறுப்பான தியோஃபிலஸ் ஷெப்ஸ்டன், கொலென்சோவின் இருபதாண்டு நண்பர். அவரை நம்பியே வந்த கொலென்சோ இந்த விசாரணையில் விழித்துக்கொண்டார். கேப் டவுனில் தனக்கு நடந்ததைப் போன்ற விசாரணை இது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் தனக்குப் பிரிவி கவுன்சில் இருந்தது, லங்கலிபலேலேவுக்கு இல்லை. சாட்சிகளின் வாக்குமூலங்களைத் திரட்டி, அச்சடித்து, 1874இல் லண்டன் போய் காலனி அமைச்சர் கார்னர்வனிடம் வைத்தார். கவர்னர் பைன் திரும்ப அழைக்கப்பட்டார். கைதி தீவிலிருந்து கரைக்கு மாற்றப்பட்டார்.

நெட்டால் வெள்ளையர் அவரைக் கைவிட்டது அப்போதுதான். துருபதேசத்தைத் தாங்கியவர்களால் இதைத் தாங்க முடியவில்லை. தெருவில் முகம் திருப்பினார்கள், ஆலயம் காலியாயிற்று.

1879 ஜனவரியில் பிரிட்டிஷ் படை சூலு நாட்டுக்குள் நுழைந்தது. 22ஆம் தேதி இசண்டல்வானாவில் சூலு வீரர்கள் அதை நசுக்கினார்கள். பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேருக்கும் மேல் மாண்டார்கள். காலனி நடுங்கியது. தேவனுக்கு முன் தாழ்ந்து மன்றாடும் நாளாக மார்ச் 12ஐ அரசு அறிவித்தது. இந்த மாதிரி நாட்களில் என்ன பிரசங்கம் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். எதிரியின் கையில் தேவன் நம்மைத் தண்டித்தார், குடியை விடுங்கள், ஓய்வுநாளை ஆசரியுங்கள், வெற்றி வரும். கொலென்சோ மீகா 6ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தை எடுத்தார். நியாயம் செய்வதும் இரக்கத்தைச் சிநேகிப்பதும் தேவனுக்கு முன் தாழ்மையாக நடப்பதும்தான் மனிதனிடம் கேட்கப்படுகின்றன என்று சொல்லும் வசனம். நாம் சூலு நாட்டுக்குள் புகுந்ததில் நியாயம் எங்கே, இரக்கம் எங்கே என்று பேராலயத்தில் நின்று கேட்டார். வீழ்ந்த நம் பிள்ளைகளுக்காக அழுகிறோம், தங்கள் ராஜாவுக்காகவும் மண்ணுக்காகவும் செத்த சூலு மக்களும் மனிதர்களே என்றார். பழிவாங்கும் ரத்தத்துக்காக ஜெபிக்க வந்தவர்கள் தங்கள் மேலேயே குற்றப் பத்திரிகை வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முடிவில்லாத நரகத்தை மறுப்பவன் நியாயத்தீர்ப்பையே மறுக்கிறான், அவன் சபையில் பயம் போய்விடும் என்பது பூசியின் கூட்டத்தார் சொன்ன வாதம். அந்த வாதத்துக்கு இந்தப் பிரசங்கத்தைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை. 11,000 கையெழுத்துகளில் இருந்த நியாயத்தீர்ப்பு எப்போதும் வேறு யார் மேலோ விழுவது. கொலென்சோவுடையது ஆலயத்தின் முதல் வரிசையில் விழுந்தது.

தோற்ற சூலு அரசர் செட்ஷ்வாயோவை நாடு திருப்பும் வேலையில் கடைசி ஆண்டுகள் போயின. 1883 ஜூன் 20இல் கொலென்சோ இறந்தார். மூத்த மகள் ஹேரியட் அதே வேலையைத் தொடர்ந்தார். செட்ஷ்வாயோவின் மகன் டினுசூலு மேல் அரசு வழக்குப் போட்டபோது துணை நின்றவர் அவர்தான். இரண்டு பேராயர் பிரச்சினை மக்ரோரி விலகி 1893இல் ஹாமில்டன் பெய்ன்ஸ் நெட்டால் பேராயராக வந்த பிறகுதான் தணியத் தொடங்கியது.

ஐந்தாகம ஆராய்ச்சி ஏழு தொகுதிகளாக 1879இல் முடிந்தது. கொலென்சோவைப் படிக்க விரும்பும் வாசகர்கள் அதில் தொடங்க வேண்டாம். அந்த மார்ச் 12ஆம் தேதிப் பிரசங்கம் அச்சில் இருக்கிறது, சில பக்கங்கள்தான். முதலில் அதைப் படியுங்கள், பிறகு கணக்குகளுக்குப் போகலாம். அடுத்த இதழில், 1877இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் பிரசங்க பீடத்திலேயே நித்திய நரகத்தைக் கேள்வி கேட்ட ஃபிரெடரிக் ஃபெராரைப் பார்ப்போம்.

(தொடரும்)